வீட்டில் வேறு கார் இருக்கிறதே என்று உங்களையும் காக்க வைப்பார்கள்

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. நாம் வழக்கமாக இழுத்து மாட்டுகிற நீளம் வரைக்கும் பெல்ட் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. சுருளுக்குள்ளேயே கிடக்கிற கடைசி ஒரு முழம் மட்டும் டீ வடிகட்டும் துணி மாதிரி பழுப்பேறி, தொட்டால் விரலில் மாவாக ஒட்டியது. காய்ந்துபோன வெள்ளச் சேறு. கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் பட்டறையின் பொரெமன் (மெக்கானிக்) அண்ணன் ஒன்றும் பேசாமல் கைபேசியை எடுத்து அதைப் படம் பிடித்தார். வெள்ளத்தில் மூழ்கிய அந்தப் பழைய கார் என் கைக்கு வந்து அன்றைக்கு ஆறரை மாதம் ஆகியிருந்தது.

குடும்பத்துக்கு ஒரு வண்டி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வண்டி என்று ஆசைப்படுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு நடந்தது, ஒரே ஒரு கார் வைத்திருக்கிறவருக்கு இந்த அளவுக்கு நடந்திருக்காது.

எங்கள் வீட்டுக் கார் ஒரு பழைய வோல்வோ வி60 வேகன். அம்மாவுக்கு முழங்கால் வலி. எஸ்யூவியில் ஏற முடியாது, தாழ்ந்த காரில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. வேகனின் இருக்கை அவருக்கு அளவெடுத்துச் செய்த உயரம். சக்கர நாற்காலியை மடித்து பின்பக்க பூட்டில் (டிக்கியில்) வைத்த பிறகும் பிள்ளைகளின் பள்ளிப் பைகளுக்கு இடம் இருக்கும். தெலுக் இந்தான் வரை போய் இறங்கினாலும் யாருக்கும் இடுப்பு வலிக்காது. எல்லாரும் எம்பிவி வாங்கும்போது நீ ஏன் இதை வாங்கினாய் என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில் இதுதான். இன்றைக்கும் அந்த முடிவில் எனக்கு மாற்றமில்லை.

அந்தக் கவலை தீர்ந்ததால்தான் எனக்கென்று ஒன்று வாங்கத் துணிந்தேன். இரண்டே இருக்கை கொண்ட மஸ்டா எம்எக்ஸ்-5. 2005 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறை, கெட்டிக் கூரை 12 வினாடியில் மடிந்து பின்னால் போய்விடும் வகை. 2022 மார்ச்சில், சிகாம்புட் பக்கம் ஒரு பழைய கார் வியாபாரியிடம் 78,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) எடுத்தேன். சாலை வரி வருடத்துக்கு 380 வெள்ளி வாக்கில் வரும், அது பெரிய பாரமில்லை. விற்பனையாளர் நம்மாள்தான். வாய்க்கு வாய் “அண்ணே, அண்ணே” என்பார். புஸ்பாகோம் என்ற வாகனச் சோதனை நிலையத்தில் தேறிய காகிதத்தை முதல் வேலையாக எடுத்துக் காட்டினார்.

அந்தக் காகிதத்தை நான் நம்பியது பெரிய தப்பு. பெயர் மாற்றத்துக்கான சோதனையில் முக்கியமாகப் பார்ப்பது சேசிஸ் எண், எஞ்சின் எண் போன்ற அடையாளங்களைத்தான். தரைக் கம்பளத்தைத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சு ஈரமா என்று யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

மூன்றாவது ஞாயிறு, பத்துமலையிலிருந்து உலு யாம் போகும் அணைக்கட்டுச் சாலையில் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கம்பளம் நனைந்திருந்தது. வியாபாரியிடம் சொன்னேன். “அண்ணே, இந்த மாடலில் கூரைத் தண்ணீர் வடியும் ஓட்டை அடைத்துக்கொள்ளும், உங்களுக்குத் தெரியாததா?” என்றார். அது உண்மைதான். இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வடிகால் குழாய் இருக்கிறது. இலை தழை சேர்ந்தால் மழைத் தண்ணீர் உள்ளே தங்கும். இந்தக் காரைப் பற்றிப் படித்த யாருக்கும் இது தெரியும், நானும் மாதக்கணக்கில் படித்திருந்தேன். அதனால் “ஆமாம், இந்த மாடலில் அந்தப் பிரச்சினை உண்டு” என்று வாட்ஸ்அப்பில் நானே எழுதி அனுப்பினேன். எனக்குத் தெரிந்த ஒரு சின்னக் குறையைக் காட்டி, எனக்குத் தெரியாத பெரிய குறையை மூடிவிட்டார்கள். வடிகால் அடைப்பால் வருவது மழைத் தண்ணீர். அது ஈரத்தைக் கொண்டுவரும், பெல்ட் சுருளுக்குள் சேற்றைக் கொண்டுவராது.

அவர்கள் கொடுத்த வாரண்டி ஒரு மாதம். தினமும் ஓடும் காருக்கு ஒரு மாதம் என்றால் ஏதோ ஒன்று தெரிந்துவிடும். ஞாயிறு மட்டும் எடுக்கிற காருக்கு ஒரு மாதம் என்பது நாலே நாலு தடவை. நான் கையெழுத்துப் போடும்போது இந்தக் கணக்கு என் மண்டையில் ஏறவில்லை.

மே மாதம் ஏர்பேக் விளக்கு எரிந்தது. வாரண்டி முடிந்திருந்தாலும் பார்த்துத் தருகிறோம் என்று காரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நல்ல மனது என்றுகூட நினைத்தேன். சாமான் ஜப்பானிலிருந்து வரவேண்டும் என்றார்கள். பிறகு வயரிங் ஆள் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். ஒவ்வொரு முறை நான் போன் செய்யும்போதும் ஒரே வார்த்தைதான்: “வீட்டில் வோல்வோ இருக்குல்ல அண்ணே, என்ன அவசரம்?” நானும் சரி சரி என்று வைத்துவிடுவேன். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வண்டி இருந்தது, வேலைக்குப் போக வண்டி இருந்தது. மூன்று மாதம் அப்படியே ஓடியது. வேறு கார் இல்லாதவர் மூன்றாம் நாளே கடை வாசலில் போய் நின்றிருப்பார்.

செப்டம்பரில் திரும்பக் கிடைத்தது. இரண்டாவது வாரமே அதே விளக்கு. அதற்குப் பிறகுதான் செந்தூலுக்குக் கொண்டு போனேன். பொரெமன் அண்ணன் இருக்கையைக் கழற்றி, அடியில் இருக்கும் மஞ்சள் நிற ஏர்பேக் சாக்கெட்டைப் பிரித்து என் கையில் கொடுத்தார். உள்ளே பின்கள் பச்சை பூத்துப் போயிருந்தன. இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகள் துருப்பிடித்து, அதன்மேல் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். பழைய மூட்டைத் துணி வாசனை. நான் வாங்கியபோது உள்ளே இரண்டு வாசனைக் குப்பிகள் தொங்கியது ஏன் என்பது அப்போதுதான் புரிந்தது.

2021 டிசம்பர் வெள்ளம் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரை வரை மூழ்கிக் கிடந்தன. சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் சேராது, தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காதவர்கள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்தச் சொந்தக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கழுவி, சாயமடித்து, “ஒரே ஓனர், வெயில் படாத காடி” என்று விற்றவர்கள் மேல்தான் கோபம். ஏர்பேக் வேலை செய்யாத அந்தக் காரில் என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து மலைப்பாதையில் ஓட்டியிருக்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “உள்ளபடியே விற்கப்பட்டது” என்று நான் கையெழுத்திட்ட வரியைக் காட்டினார்கள். அதைப் பார்த்து அடங்கிப் போகாதீர்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தருகிற உரிமையை அப்படி ஒரு வரி எழுதி அழித்துவிட முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போட 5 வெள்ளிதான் கட்டணம். 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், வக்கீல் தேவையில்லை. ஆனால் வியாபாரியிடம் வாங்கியிருக்க வேண்டும். தெரிந்தவரிடமிருந்து தனிப்பட்ட முறையில் வாங்கியிருந்தால் இந்த வழி கிடையாது.

என் கார் விலை அந்த வரம்பைத் தாண்டியதால், பழுது பார்க்கும் செலவு 14,600 வெள்ளியை மட்டும் கேட்டேன். விசாரணையில் அவர்கள் நீட்டியது என்னுடைய அந்த வாட்ஸ்அப் செய்தியைத்தான். குறையைத் தெரிந்தே வாங்கினார் என்றார்கள். என்னைக் காப்பாற்றியது பொரெமன் அண்ணன் தேதியோடு எழுதிக் கொடுத்த அறிக்கையும், அந்தப் பெல்ட் படமும். அந்த அறிக்கை இல்லாவிட்டால் வெறுங்கையோடு திரும்பியிருப்பேன். முதலில் கழுவிவிட்டு அப்புறம் புகார் செய்யலாம் என்று இருக்காதீர்கள். சேறு போனால் சாட்சி போச்சு.

11,200 வெள்ளி கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. தீர்ப்பை மதிக்காவிட்டால் அதுவே குற்றம் என்பதால், இரண்டு தவணையில் பணம் வந்துவிட்டது. வயரிங் முழுக்க மாற்ற வேண்டியிருப்பதால் கார் இன்னும் செந்தூலில், இருக்கை இல்லாமல் நிற்கிறது. பொரெமன் அண்ணன் மேல் சந்தேகம் ஒன்றுமில்லை, இருந்தாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வேகனை எடுத்துக்கொண்டு நானே போய்ப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன்.