புதிய கேர்னலை எந்தப் பெயரில் வைப்பது?

லினக்ஸ் இயங்குதளத்தின் மைய நிரலான கேர்னலைக் கையால் மேம்படுத்துகிறவர்கள், கணினி துவங்கத் தேவையானவை இருக்கும் பூட் அடைவில் அதன் கோப்புகளை மூன்று விதமாக வைக்கிறார்கள்: பழையதன் மேலேயே புதியதை எழுதுவது, பதிப்பெண்ணோடு தனித்தனியாக வைப்பது, அப்படி வைத்த கோப்புக்கு நிலையான பெயரில் ஒரு சிம்லிங்க் (அந்தக் கோப்பைச் சுட்டும் இணைப்பு) போடுவது.

மேலெழுதினால் இடம் மிச்சம். கேர்னலை ஏற்றித் துவக்கும் நிரலான கிரப்பின் அமைப்பைத் தொடவும் வேண்டாம். அதற்கு மேல் அதில் நன்மை இல்லை. 2022 மின்வெட்டுகளைக் கண்ட கொழும்பில், யுபிஎஸ் கூட இல்லாமல் இதைச் செய்பவரின் துணிச்சலை நான் மெச்சமாட்டேன். வெள்ளவத்தையில் கோப்பு பாதி எழுதப்படும்போது மின்சாரம் போனால், திரும்பிப் போகப் பழைய கேர்னல் இராது. மின்சாரம் போகாமல் இருந்தாலும், புதிய கேர்னலில் வன்தட்டுக்குரிய டிரைவர் விடுபட்டிருந்தால் அதே கதிதான்.

பதிப்பெண் வழியே என் தெரிவு. மொடியூல்கள், அதாவது கேர்னல் தேவைக்கேற்ப ஏற்றிக்கொள்ளும் துணைக்கூறுகள், எப்படியும் பதிப்பெண் அடைவுகளில்தான் இருக்கின்றன. கேர்னல் கோப்பும் அதே பெயரைத் தாங்கினால் எதற்கு எது துணை என்பதில் குழப்பம் வராது. அப்டேட்-கிரப் கட்டளை எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்துப் பட்டியலிடும். ஒரு பொறி மட்டும் உண்டு. அதே பதிப்பை வேறு தெரிவுகளோடு மீண்டும் தொகுத்தால் பெயரும் அதேதான். டெபியன் என்ற லினக்ஸ் வகையில், கேர்னலை நிறுவும் மேக் இன்ஸ்டோல் கட்டளை பழைய கேர்னலுக்கு ‘.ஓல்ட்’ என்று பெயர் மாற்றிக் காப்பாற்றும். மொடியூல் அடைவையோ புதியது விழுங்கிவிடும். அந்த ‘.ஓல்ட்’ பின்னர் துவங்கினாலும், தனக்குப் பொருந்தாத மொடியூல்களோடு மல்லுக்கட்டும். தொகுக்குமுன் பதிப்பெண்ணோடு சேரும் லோக்கல்வேர்ஷன் என்ற தெரிவில் ஒரு பின்னொட்டுச் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

பூட் அடைவுக்கு வன்தட்டில் தனிப் பகுதி ஒதுக்கிய பழைய கணினிகளில் இடம் சீக்கிரம் நிரம்பும். பெரும்பாலும் இடத்தை அடைப்பது கேர்னல் அல்ல, துவக்கத்தின்போது நினைவகத்தில் தற்காலிகமாக ஏற்றப்படும் கோப்புத்தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ். பழைய கேர்னல்களை அழிக்குமுன் யூநேம் -ஆர் கட்டளை கொடுத்து, ஓடிக்கொண்டிருப்பது எது என்று பாருங்கள். மொடியூல் அடைவையும் சேர்த்தே அகற்றுங்கள்.

சிம்லிங்க், அமைப்புக் கோப்பைக் கையால் எழுதுகிறவர்களுக்கு வசதி. கிரப் ஒவ்வொரு முறையும் பாதையைப் படித்தே கேர்னலைத் தேடும் என்பதால் சிம்லிங்கை மாற்றினால் போதும். லிலோ என்ற பழைய துவக்கி நிரலோ, வட்டில் கோப்பு இருக்கும் இடத்தையே குறித்துவைப்பது. சிம்லிங்கை மாற்றியபின் லிலோவை மறுபடி ஓட்டாவிட்டால் பழைய இடத்தையே தேடும். வட்டில் துவக்கத்துக்கென ஒதுக்கிய இஎஃப்ஐ பகுதியைப் பூட் அடைவாக ஏற்றியிருப்பவர்களுக்கு இந்த வழியே கிடையாது, அதன் ஃபாட் கோப்பு வடிவம் சிம்லிங்கை ஏற்பதில்லை. சிம்லிங்க் வழியைத் தெரிந்தெடுப்பவர்கள் முந்தைய கேர்னலுக்கும் இரண்டாவது சிம்லிங்க் ஒன்றைப் போட்டு, பட்டியலில் அதற்கும் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும்.