மானிட்டருக்கு 'கண் பாதுகாப்பு பிலிம்' ஒட்டச் சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

"ஸ்கிரீனை டீப் கிளீனிங் பண்ணி, ஆன்டி-கிளேர் ப்ளூ-கட் பிலிம் ஒட்டித் தர்றோம். கண்ணு எரியவே எரியாது" என்று கம்ப்யூட்டர் கடையில் யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஸ்கிரீனில் விளக்கு பட்டுக் கூசுவதையும் (கிளேர்), ஸ்கிரீனிலிருந்து வரும் நீல ஒளியையும் இந்தப் பிலிம் தடுக்கும் என்பது அவர்கள் சொல்வது. இந்த வேலைக்கு என்னிடம் ₹2,200 வாங்கிக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த 24 அங்குல மானிட்டரைப் பாழாக்கிக் கொடுத்துவிட்டார்கள். கடை மதுரையில் இருக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அந்தக் கடையோடு முடிகிற விஷயம் இல்லை இது. இதே பிலிம், இதே பேச்சு வேறு ஊர்களிலும் நடக்கிறது என்று கேள்விப்பட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் டிடிபி வேலை பார்க்கிறவன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர். முகூர்த்த மாதம் வந்தால் ராத்திரி பன்னிரண்டு மணி வரை மானிட்டர் முன்னால்தான். கண் எரிச்சல், மாலையானால் நெற்றிப் பொட்டில் வலி, பின்னாலிருக்கும் டியூப்லைட் ஸ்கிரீனில் வெள்ளைக் கோடாக விழுவது, எல்லாம் உண்டு. இங்க், கீபோர்டு எல்லாம் வழக்கமாக வாங்கும் கடையில் இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். கடைக்காரர் டிராயரைத் திறந்து பேனா மாதிரி ஒரு டார்ச்சும் ஒரு வெள்ளை அட்டையும் எடுத்தார்.

டார்ச்சை அட்டையில் அடித்ததும் அந்த இடம் ஊதா நிறமாக மாறியது. அப்புறம் நடுவில் ஒரு பிலிம் துண்டை வைத்து அடித்தார். அட்டை வெள்ளையாகவே இருந்தது. "பாத்தீங்களாண்ணே? இந்தக் கதிர்தான் ராத்திரி பூரா உங்க கண்ணுக்குள்ள போகுது" என்றார். கண்ணாடிக் கடைகளிலும் 'ப்ளூ கட்' லென்ஸ் விற்க இதே வித்தையைக் காட்டுகிறார்கள். பார்க்கிற யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

இதில் இருக்கும் சூட்சுமத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த மாதிரி டார்ச்சுகளிலிருந்து வருவது பெரும்பாலும் 405 நானோமீட்டர் வாக்கில் உள்ள ஊதா ஒளி. அந்த ஒளி பட்டால் நிறம் மாறுகிற மையை அட்டையில் பூசியிருக்கிறார்கள். நம் எல்இடி மானிட்டரின் நீல ஒளி உச்சம் பெறுவதோ 450 நானோமீட்டரை ஒட்டி. 405-ஐ அது ஏறக்குறைய வெளியிடுவதே இல்லை. ஆக, மானிட்டரிலிருந்து வராத ஒளியைத் தடுத்துக் காட்டி மானிட்டருக்குப் பிலிம் விற்கிறார்கள். சோதித்துப் பார்க்க டார்ச்சே வேண்டாம். பிலிமை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். தாள் மஞ்சளாகத் தெரியவில்லை என்றால் அது நீலத்தை உருப்படியாகத் தடுக்கவில்லை. நிஜமாகத் தடுக்கிற பிலிமாக இருந்தால் ஸ்கிரீன் முழுவதும் மஞ்சள் அடிக்கும். என்னை மாதிரி கலர் வேலை பார்க்கிறவர்களுக்கு அதில் பிழைப்பு ஓடாது.

நீல ஒளியைத் தடுத்தால் கண் சோர்வு குறையுமா என்பது அடுத்த கேள்வி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2023-இல் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்தது. நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடி அணிந்தாலும், சாதாரணக் கண்ணாடி அணிந்தாலும், குறுகிய காலத்தில் கண் சோர்வில் வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம் என்பதுதான் அவர்கள் வந்த முடிவு. கணினி பார்ப்பதற்கென்று தனிக் கண்ணாடி எதையும் அமெரிக்கக் கண் மருத்துவர்களின் அகாடமியும் பரிந்துரைப்பதில்லை. கண்ணில் மாட்டுகிற கண்ணாடிக்கே இந்த நிலை என்றால் ஸ்கிரீனில் ஒட்டுகிற பிலிமைப் பற்றித் தனியாக என்ன சொல்ல.

சரி, என் மானிட்டர் கதைக்கு வருகிறேன்.

மறுநாள் கடையிலிருந்து ஒரு பையன் வந்தான். லேபிள் இல்லாத ஒரு ஸ்பிரே பாட்டில், கையில் பனியன் வேஸ்ட் துணி. மெக்கானிக் கடையிலும் அச்சகத்திலும் கிரீஸ் துடைப்போமே, அதே துணி. மானிட்டரை அணைக்கக்கூட இல்லை. ஸ்கிரீன் மேல் நேராக அடித்தான். துளிகள் சேர்ந்து ஓடி கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கின. "தம்பி, உள்ள போகுதே" என்றேன். "ஒண்ணும் ஆகாதுண்ணே, நாங்க டெய்லி பண்றதுதான்" என்றான். அதே துணியால் அழுத்தி வட்டமாகத் தேய்த்தான். அதன் மேலேயே பிலிமை ஒட்டிவிட்டுப் போய்விட்டான்.

அன்று ராத்திரியே வித்தியாசம் தெரிந்தது. ஒட்டாத இடங்களில் வெள்ளி மாதிரி திட்டுத் திட்டாகப் பளபளப்பு. வெள்ளைப் பின்னணியில் பொடி மணல் தூவியதுபோல் ஒரு மினுமினுப்பு. பத்து பாயின்ட் எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பத்திரிகையில் 'திருமணம்' என்பது 'திருமணம' என்று போய்விட்டால் பெண் வீட்டார் சும்மா விடுவார்களா? ஒவ்வொரு வரியையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் கண் வலி இரட்டிப்பானதுதான் மிச்சம்.

"பிலிமை எடுத்துவிடுங்கள்" என்று கடைக்குப் போன் செய்தேன். அதே பையன் வந்து உரித்தான். பசை அங்கங்கே அப்பிக்கொண்டு நின்றது. பாட்டிலிலிருந்து எதையோ துணியில் ஊற்றித் துடைத்தான். அச்சகத்தில் புழங்குகிற எனக்கு அந்த வாசனை தெரியாதா, தின்னர். "டேய், நிறுத்துடா" என்று நான் எழுந்து வருவதற்குள் ஸ்கிரீனின் வலது பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்து முடித்துவிட்டான். மற்ற இடமெல்லாம் பளபளப்பில்லாமல் மங்கலாக இருக்க, அந்தத் திட்டு மட்டும் கண்ணாடி மாதிரி வழவழவென்று மின்னியது. டியூப்லைட்டின் வெள்ளைக் கோடு இப்போது அந்த இடத்தில் முன்னைவிடக் கூர்மையாக விழுகிறது. கிளேரைப் போக்கக் கொடுத்த காசுக்குக் கூடுதல் கிளேர் கிடைத்தது.

ஏன் அப்படி ஆனது? அலுவலக வேலைக்கு விற்கும் பெரும்பாலான மானிட்டர்களில் ஆன்டி-கிளேர் தனியாகப் போடவேண்டிய ஒன்றே இல்லை. ஏற்கனவே இருக்கிறது. ஸ்கிரீனின் மேல் அடுக்கு கண்ணாடி அல்ல, மெல்லிய பிளாஸ்டிக். அதன் பரப்பை நுண்ணிய மேடு பள்ளமாகச் செய்திருப்பார்கள். விழுகிற வெளிச்சம் ஒரே பக்கம் திரும்பாமல் சிதறிவிடும். தின்னர், அசிட்டோன் மாதிரியானவை அந்தப் பரப்பைக் கரைத்துச் சமமாக்கிவிடும். ஒரு தடவை போனால் போனதுதான், திரும்பப் பூச வழியில்லை. அந்த மேடு பள்ளத்தின் மேல் இன்னொரு பிலிமை ஒட்டினால் சீராகப் பிடிக்காது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பளபளப்பான லேப்டாப் ஸ்கிரீன் என்றால் கதை வேறு. நல்ல மேட் (பளபளப்பில்லாத) பிலிம் அதில் பிரதிபலிப்பை மங்கவைக்கும், கொஞ்சம் கூர்மை குறையும், அவ்வளவுதான். பழைய குண்டு மானிட்டர் காலத்தில் முன்னால் கண்ணாடி ஃபில்டர் தொங்கவிடுவோம், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் மேட் மானிட்டருக்கும் இன்று வியாபாரம் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நாளில் ஸ்கிரீனின் அடியிலிருந்து மெல்லிய செங்குத்துக் கோடுகள் வர ஆரம்பித்தன. கம்பெனி சர்வீஸ் சென்டரில் திறந்து பார்த்தார்கள். கீழ்ச் சட்டத்துக்குள் திரவம் இறங்கி, பேனலின் விளிம்பில் இருக்கும் இணைப்பு அரித்திருக்கிறது. இது வாடிக்கையாளர் பக்கத்துச் சேதம், வாரன்டி செல்லாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பேனல் மாற்றும் செலவு புது மானிட்டர் விலையை நெருங்குகிறது. இதைக் கடைக்காரரிடம் சொன்னால், "பேனல் ஏற்கனவே வீக்கா இருந்திருக்கும்ண்ணே" என்று கல்லாவைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறார். பில் கேட்டேன். "சர்வீஸுக்கெல்லாம் பில் போடுறது இல்லைண்ணே."

ஸ்கிரீன் துடைக்க ஆள் வைத்துச் செலவு செய்யவே வேண்டியதில்லை. மானிட்டரை அணைத்து பிளக்கை எடுத்துவிட்டு, சூடு ஆறட்டும். கறுப்பு ஸ்கிரீனில் தூசி பளிச்சென்று தெரியும். சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் முதலில் உலரவே, அழுத்தாமல் தூசியைத் தட்டுங்கள். கண்ணாடிக் கடையில் கூட்டுக்குள் வைத்துத் தருவார்களே, அந்தத் துணி போதும். கைரேகையோ எண்ணெய்ப் பிசுக்கோ போகவில்லை என்றால் துணியை லேசாக நனையுங்கள். துணியைத்தான், ஸ்கிரீனை அல்ல. எங்கள் போர்வெல் தண்ணீரில் துடைத்தால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புக் கறை நிற்கும். அதனால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற வாங்கும் டிஸ்டில்டு வாட்டரையே எடுத்துக்கொள்கிறேன். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், தின்னர், டிஷ்யூ பேப்பர், செய்தித்தாள் எதுவும் கிட்டே வரக்கூடாது. 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சில கம்பெனிகள் அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை. உங்கள் மாடலின் கையேட்டில் இருந்தால் மட்டும் தொடுங்கள். இன்னொன்று, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதை மானிட்டரின் சட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்கிரீனில் வைத்துக் காய்ந்துவிட்டால் சுரண்டாமல், ஈரத்துணியைச் சற்று நேரம் ஒற்றி ஊறவைத்து எடுக்க வேண்டும்.

கிளேர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும் அதே அணைத்த ஸ்கிரீன்தான் உதவும். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கறுப்புத் திரையைப் பாருங்கள். அதில் எந்த விளக்கு, எந்த ஜன்னல் தெரிகிறதோ அதுதான் குற்றவாளி. எனக்குத் தெரிந்தது முதுகுக்குப் பின்னால் இருந்த டியூப்லைட். மேஜையை ஒரு கால்வட்டம் திருப்பிப் போட்டேன். ஜன்னல் இப்போது பக்கவாட்டில், டியூப்லைட்டும் பக்கவாட்டில். பைசா செலவில்லை, வெள்ளைக் கோடு போயே போய்விட்டது. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தாலும் தொல்லை, மானிட்டருக்கு நேர் பின்னால் இருந்தாலும் தொல்லை. பிரைட்னஸை, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, திரை அதைவிடத் தூக்கலாகத் தெரியாத அளவுக்கு இறக்கிவைத்தேன். ஸ்கிரீனின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, தூரம் ஏறக்குறைய ஒரு கை நீளம்.

கண்ணைப் பொறுத்தவரை, பிலிம்காரரிடம் போவதற்குப் பதில் கண் மருத்துவரிடம் போவதே மேல். நான் போனேன். நீல ஒளி என்ற பேச்சையே மருத்துவர் எடுக்கவில்லை. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை போல இமைக்கிறோம்; ஸ்கிரீனில் மூழ்கிவிட்டால் அது பாதியாகவோ இன்னும் கீழாகவோ போய்விடுகிறது, கண் காய்ந்து எரிகிறது என்றார். டேபிள் ஃபேன் நேராக முகத்தில் அடிக்கிறதா என்று கேட்டார். மதுரை வெயிலுக்கு வேறெங்கே அடிக்கும்? அதைக் காலுக்குத் திருப்பச் சொன்னார். இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் இருபது அடி தள்ளியிருப்பதை இருபது நொடி பார்க்கச் சொன்னார். அப்புறம் முக்கியமான ஒன்று. நாற்பதைத் தாண்டியவர்களின் படிக்கும் கண்ணாடி சுமார் 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு எழுதப்படுவது. மானிட்டர் இருப்பதோ 60, 65-இல். பைஃபோகல் போட்டிருப்பவர்கள் கீழ்ப் பாதி வழியாகப் பார்க்கத் தாடையைத் தூக்குவார்கள், கழுத்து வலி அதில் வருவதுதான். மானிட்டர் இருக்கும் தூரத்தை டேப்பால் அளந்து மருத்துவரிடம் சொன்னால் அதற்கேற்ற பவர் எழுதித் தருவார். எனக்கு நெற்றி வலி நின்றது அந்தக் கண்ணாடியில்தான்.

பணத்தைத் திரும்பக் கேட்பது பற்றி. சர்வீஸுக்கு பில் தராததே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. இது தெரியாமல்தான் பலர் 'பில் இல்லையே, என்ன செய்வது' என்று விட்டுவிடுகிறார்கள். செல்போனில் பணம் அனுப்பிய ரசீது, கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு, மானிட்டரின் போட்டோ, சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த தாள், எல்லாவற்றையும் சேர்த்துவைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்தேன். தமிழிலேயே பேசலாம். புகார் பதிவான பிறகு கடைக்காரர் பிலிம் காசு ₹2,200-ஐ மட்டும் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டு, "இதோட முடிச்சுக்கலாம்ணே" என்று ஒரு மெசேஜ் போட்டார். மானிட்டருக்கு என்ன பதில் என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். வாங்கியதற்குக் கொடுத்த தொகை ₹5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். உங்களுக்கும் இதே மாதிரி நடந்திருந்தால், ஸ்கிரீனை வேறு யாரிடமும் கொடுத்துத் துடைக்கச் சொல்வதற்கு முன்னால் விளக்கு வெளிச்சம் அதில் விழும்படி ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். கரைந்த திட்டு அப்போதுதான் படத்தில் தெரிகிறது. நேராக எடுத்தால் ஒன்றுமே தெரியாது. என் மனுவில் என்ன ஆகிறது என்று இதே பதிவில் சேர்த்து எழுதுகிறேன்.