ஆசிரியர் நியமனம்: எந்த வழியில் வந்தவர் நிற்கிறார்?

கொழும்பில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையின் ஆளணிப் பட்டியலை மட்டும் பார்த்தால் பெரிய குறை ஒன்றும் கண்ணில் படாது. நேரசூசியைப் பார்க்க வேண்டும். தரம் 10 விஞ்ஞானத்துக்கு நேரே பென்சிலால் எழுதிய ஒரு பெயர், அது அழிக்கப்பட்ட தடம், அதற்கு மேல் இன்னொரு பெயர். அந்த இரண்டாமவர் படித்தது வணிகம். தலைநகரிலேயே இப்படியென்றால் மஸ்கெலியாவிலும் மன்னாரிலும் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தலைகளை எண்ணினால் ஆட்கள் இருக்கிறார்கள். பாடத்தையும் ஊரையும் சேர்த்து எண்ணும்போதுதான் வெற்றிடம் தெரிகிறது. அரசு கையாண்ட வழிகளையும் அந்தக் கண்ணோடு பார்ப்போம்.

அடிக்கடி எடுக்கப்படும் வழி, வேலையற்ற பட்டதாரிகளை மொத்தமாக உள்வாங்குவது. 2020இல் பல்லாயிரம் பேர் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவோடு பயிலுநர்களாக எடுக்கப்பட்டார்கள். பிறகு அவர்களில் பலர், ஆசிரியர் அல்லாத ஓர் அரச பதவியான அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் பாடசாலைகளுக்கு வந்தார்கள். வேகத்தில் இதற்கு நிகர் வேறு வழியில்லை. ஆனால் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் கலைப் பட்டதாரிகள். பௌதிகவியலும் கணிதமும் படித்தவருக்கு வெளியில் வேறு வேலை கிடைத்துவிடும். வந்தவர்களுக்குக் கற்பித்தல் பயிற்சியுமில்லை, ஆசிரியர் சேவையில் இடமுமில்லை. ஆசிரியரின் வேலையை உத்தியோகத்தர் சம்பளத்துக்குச் செய்துகொண்டு, எங்களைச் சேவைக்குள் எடுங்கள் என்று வருடக்கணக்காக வீதியில் நிற்கிறார்கள். அவர்கள்மீது எனக்குக் குறையில்லை. அந்தத் திட்டம் தொழிலின்மைக்கு மருந்தாகப் போடப்பட்டது. வகுப்பறைக்குப் பயன்பட்டதெல்லாம் பக்கவிளைவு. ஒரு நியாயம் மட்டும் சொல்லியாக வேண்டும்: உயர்தர வகுப்புகளுக்குப் பட்டதாரி இல்லாமல் முடியாது.

இதற்கு எதிர்முனையில் இருப்பவை, ஆசிரியர்களைப் பயிற்றி டிப்ளோமா கொடுக்கும் கல்வியியற் கல்லூரிகள். 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தவை, இன்று 19. உயர்தரப் பெறுபேற்றை வைத்துப் பாடவாரியாக ஆட்களை எடுக்கிறார்கள். இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறு பயிலல், அதாவது வகுப்பறையிலேயே பயிற்சி. பத்தனை ஸ்ரீபாத, வவுனியா, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று தமிழ்மொழி மூலம் படிக்கவும் இடமுண்டு. இங்கிருந்து வரும் பிள்ளை முதல் நாளிலேயே பாடத்திட்டமும் கரும்பலகையும் தெரிந்த ஆசிரியர். ஓர் அதிபரிடம் கேட்டுப் பாருங்கள், சாதாரண தர வகுப்புக்குப் பட்டதாரியைவிட டிப்ளோமாக்காரரைத்தான் கேட்பார்.

பலவீனம் வேகத்தில். இன்று ஒரு வெற்றிடம் விழுந்தால் இந்த வழியில் அதை நிரப்ப மூன்று வருடம் குறைந்தபட்சம். உயர்தரம் எழுதியவர்கள் கல்லூரிக்குள் நுழையவே காத்துக் கிடப்பதை அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். யார் எந்த வருடம் ஓய்வுபெறுவார் என்பது பிறந்த திகதியிலேயே எழுதியிருக்கிறது, முன்கூட்டிக் கணக்குப் போட ஒரு கஷ்டமுமில்லை. ஆனால் 2022இல் அரசே ஓய்வு வயதை 60க்கு இறக்கி, அந்த வருடக் கடைசியில் ஒரே மூச்சில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. அதே வருடம்தான், சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடம் வெளிநாடு போகலாம், சேவை மூப்புக்குப் பாதகமில்லை என்ற சுற்றுநிருபமும் வந்தது. டொலர் வேண்டியிருந்த நேரம், காரணம் விளங்குகிறது. போனவரின் கதிரை மட்டும் ஐந்து வருடத்துக்கு நிரம்பியும் நிரம்பாமலும் கிடக்கும்.

மூன்றாவது வழி மலையகத்துக்கு மட்டும் வந்தது: ஆசிரியர் உதவியாளர். 2015 அளவில் சுமார் 3,000 பேர், உயர்தரத் தகைமையோடு, பெரும்பாலும் தோட்டங்களிலிருந்தே எடுக்கப்பட்டார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா, பிறகு 10,000. ஒரு முழுநேர ஆசிரியருக்கு அந்தத் தொகையை நீட்ட எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை. பயிற்சியை முடித்துச் சேவைக்குள் நுழையும்வரை பலர் வீட்டாரின் உழைப்பில்தான் பாடசாலைக்குப் போய்வந்தார்கள். ஆனால் இந்தத் திட்டத்துக்குள் இருந்த ஒரு விஷயம் மற்ற இரண்டிலும் இல்லை. தோட்டத்துப் பிள்ளை தோட்டத்துப் பாடசாலையில் படிப்பித்தால் இடமாற்றம் கேட்டுப் போக வேறு ஊர் கிடையாது. வாடகை அறை தேட வேண்டாம், வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு ஓட வேண்டாம்.

சம்பளம்? 2021இல் இணையவழி வகுப்புகளை மாதக்கணக்கில் புறக்கணித்துப் போராடியபின் ஆசிரியர் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கேட்ட உயர்வில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. 2025 பாதீடு அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000 ரூபாவாக மூன்று கட்டங்களில் உயர்த்தியது. நல்லதுதான். ஆனால் அந்த உயர்வு கொட்டாஞ்சேனையில் சமயம் படிப்பிப்பவரையும் மடுவில் கணிதம் படிப்பிப்பவரையும் ஒரே தராசில்தான் வைக்கிறது. காம்பியா 2006இல் தூரத்துப் பாடசாலைக்கு அடிப்படைச் சம்பளத்தின் 30 முதல் 40 வீதம் வரை மேலதிகமாகக் கொடுத்தபோது, பயிற்சி பெற்றவர்கள் தாமாகவே அங்கே போகக் கேட்டார்கள். எங்கள் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவில் மாதப் பஸ் செலவு தேறினாலே பெரிது. சிங்கப்பூர் பயிலும் காலத்திலேயே சம்பளம் கொடுத்து, பட்டதாரியை மூன்று வருட ஒப்பந்தத்தில் கட்டுகிறது. வகுப்பறையை விடாமலே மேலே போகவும் அங்கே தனிப் படிநிலை உண்டு. இங்கே கெட்டிக்கார ஆசிரியர் உயர வேண்டுமென்றால் அதிபர் சேவைப் பரீட்சையோ கல்வி நிர்வாக சேவைப் பரீட்சையோ எழுதி வகுப்பைவிட்டு வெளியேற வேண்டும்.

கொழும்புக்கு இதில் ஒரு தனி இழுப்பு. வெள்ளவத்தையில் இரண்டு மாலை டியூஷன் வகுப்பு எடுப்பவரை எந்தக் கொடுப்பனவும் வவுனியாவுக்கு இழுக்காது. அதனால் பணத்தைக் காட்டித் தலைநகரிலிருந்து ஆட்களை வெளியே அனுப்பும் யோசனையில் எனக்கு நம்பிக்கையில்லை. வெற்றிடம் இருக்கும் பிரதேசத்துப் பிள்ளையை, அந்தப் பாடத்துக்கென்றே கல்வியியற் கல்லூரிக்கு எடுத்து, அதே பிரதேசத்துக்குத் திருப்பி அனுப்பும் கலப்பு வழிக்குத்தான் என் வாக்கு. கொடுப்பனவுக் காசை அங்கே நிற்பவருக்குக் கொடுக்கலாம். உயர்தர விஞ்ஞான, கணிதத்துக்கு மட்டும் பட்டதாரிகளைப் பாடவாரிப் பரீட்சையில் எடுத்தால் போதும்.

காசு செலவில்லாத ஒரு திருத்தமும் இருக்கிறது. கஷ்டப் பிரதேச சேவைக் காலத்தை முடித்தவரின் இடமாற்றக் கடிதத்தில் இன்றும் பெரும்பாலும் ஒரு வால் தொங்குகிறது: பதிலாள் வந்தால்தான் விடுவிப்பு. பதிலாள் வரமாட்டார் என்பது எழுதியவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். இதைக் கேள்விப்பட்ட இளையவர்கள் முதல் நியமனத்தையே அரசியல்வாதியின் கடிதத்தோடு மாற்றப் பார்க்கிறார்கள். விடுவிக்கும் திகதியை முதல் நியமனக் கடிதத்திலேயே போட்டுவிட்டால், பதிலாள் தேடுவது இசுருபாயவின், அதாவது கல்வி அமைச்சின் தலைவலியாகிவிடும். அதைக் காட்டி ஆசிரியரைப் பிடித்துவைக்க முடியாது.