கிரேப் பாண்டேஜா, கணுக்கால் உறையா?

தேயிலைச் சரிவில் கால் பிசகி, வீக்கம் வற்றுமுன்னே மறுபடி நடக்கத் துடிப்பவர்களின் கேள்வி இது.

விலை: இழுபடும் துணியான கிரேப் பாண்டேஜ் மலிவு, ஹட்டன் பாமசிகளில் எளிதாகக் கிடைக்கும். சப்பாத்துபோலக் கயிறு கட்டி இறுக்கும் கணுக்கால் உறைக்குப் (ankle brace) பல மடங்கு பணம் வேண்டும்.

பிடிமானம்: இங்கேதான் உண்மையான வித்தியாசம். பாண்டேஜ் வீக்கத்தை அமுக்கும். பாதம் உட்பக்கம் மடங்குவதைப் பெரிதாகத் தடுக்காது. பாண்டேஜைச் சுற்றிக்கொண்டு லயத்துப் படிகளில் இறங்கினேன். பாதி வழியில் அது தளர்ந்து குதிகாலுக்கடியில் சுருண்டு கிடந்தது. கோபத்தில் இறுக்கிச் சுற்றினேன், விரல்கள் மரத்துவிட்டன. உறையோ இருபக்கமும் தாங்கிப் பிடிக்கிறது.

உழைப்பு: துவைக்கத் துவைக்கப் பாண்டேஜின் இழுவை போய்விடும்.

வசதி: பாண்டேஜோடு செருப்புப் போடலாம். உறைக்குச் சப்பாத்து வேண்டும்; நனைந்தால் நுவரெலியாக் குளிரில் எளிதில் காயாது.

முதல் சில நாள் வீக்கத்துக்குப் பாண்டேஜ் போதும். பிறகு கொழுந்து எடுக்கவோ, 2,243 மீற்றர் உயரச் சிவனொளிபாதமலைக்கோ போகிறவர்கள் உறையை வாங்குங்கள். இறங்கும்போது அதன் அருமை தெரியும். நான்கு அடிகூட வைக்க முடியவில்லையா? இரண்டையும் விடுங்கள், எக்ஸ்ரே எடுங்கள்.