முழு மரப்பலகையா, அடுக்குப் பலகையா?

மெருகு பூசியே வரும் மரத்தரை வாங்கப்போகும் கனடா, அமெரிக்க வீட்டுக்காரர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

தடிமன்: முழு மரம் பெரும்பாலும் முக்கால் அங்குலம், ஒரே கட்டை. அடுக்குப் பலகையில் மேலே மெல்லிய மரத்தகடு, அடியில் பெரும்பாலும் ஒட்டுப்பலகை.

ஆயுள்: முழு மரத்தைப் பலமுறை இழைத்துப் புதுப்பிக்கலாம். மற்றதில் மேல்தகடு 2 மி.மீ.க்கும் குறைவு என்றால் இழைப்பதை மறந்துவிடுங்கள், 4 மி.மீ. இருந்தால் ஓரிரு முறை தாங்கும். விலையைக் கேட்கும் முன் இந்த அளவைக் கேளுங்கள். பலரும் நிறத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஈரம்: குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டின் வறண்ட காற்றில் முழு மரம் சுருங்கி இடைவெளி விடும், கோடையில் உப்பும். குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகள் அவ்வளவு அசையாது.

பொருத்துதல்: முழு மரத்துக்கு அடியில் ஆணி இறங்கும் மரத்தளம் வேண்டும். அடுக்குப் பலகையைக் கான்கிரீட் மீதும் ஒட்டலாம்.

விலை: இரண்டிலுமே வால்நட் மரத்தைவிட ஓக் மரம் மலிவு. மிச்சச் சரக்கு தள்ளுபடியில் கிடைத்தால், வெட்டுச் சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்து ஒரேயடியாக வாங்குங்கள். அதே நிறம் மறுபடி கிடைப்பது அரிது.

நிலவறைக்கும் கான்கிரீட் அடுக்குமாடிக்கும் அடுக்குப் பலகை. மரத்தளமுள்ள சொந்த வீட்டில் 30 வருடம் வாழப்போகிறீர்களா? முழு மரம்.