ஹைட்ராலிக் லிவருக்குப் பூட்டு: மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு

மேலூர்ப் பக்கம் பெரியாற்றுப் பாசன வயல்களில் ஒரு 45 எச்.பி. டிராக்டரைச் சொந்த உழவுக்கும் வாடகைக்கும் ஓட்டிவருகிறேன். வலது மட்கார்டில் உட்கார்ந்துவந்த உறவினர் ஒருவர், வண்டி குலுங்கியபோது பிடிமானத்துக்காக, பின்னால் மாட்டிய கருவியைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லிவரின் குமிழைப் பற்றியதில், தூக்கியிருந்த ரொட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) தார்ச்சாலையில் இறங்கி இரண்டு கத்திகள் வளைந்தன. அங்கே ஆளை ஏற்றியது என் தவறுதான். அன்றோடு அதை நிறுத்திவிட்டேன்.

லிவர் இனி தற்செயலாக நகராதிருக்க ஒரு பூட்டும் போட்டேன். உள்ளூர் லேத் பட்டறையில், தூக்கிய நிலையில் லிவரை இருபுறமும் கவ்வும் இரும்புத் துண்டு ஒன்றைக் கீலில் பொருத்தி, சுருள்வில் வைத்த ஊசியால் பூட்டும்படி செய்து தந்தார்கள். கூலியோடு 700 ரூபாய். அதற்கு முன் பட்டறைக்காரர் லிவரின் அடியில், அதை வைத்த இடத்திலேயே பிடித்து நிறுத்தும் உராய்வுத் தகட்டின் நட்டை இறுக்கினார். அது தளர்ந்திருந்ததால், யாரும் தொடாமலேயே, மேடு பள்ளத்தில் லிவர் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்கிறது. என் தொல்லையில் பாதி அந்த நட்டோடு போயிற்று என்றே நினைக்கிறேன்.

எஞ்சினை நிறுத்திவிட்டால் பயமில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். தூக்குவதற்குத்தான் எஞ்சினால் ஓடும் பம்பு வேண்டும். லிவர் இறக்கத்துக்கு நகர்ந்து வால்வு திறந்தால், கலப்பையின் எடையே சிலிண்டரிலுள்ள எண்ணெயை வெளியே தள்ளிவிடும். ஆகவே வாசலில் கலப்பையைத் தூக்கியபடி நிற்கும் டிராக்டரில் ஒரு பிள்ளை ஏறி விளையாடினாலே போதும்.

குறைகளும் உண்டு. முதல் தொளி உழவிலேயே சேறு புகுந்து ஊசி இறுகிவிட்டது. சுருள்வில்லைக் கழற்றிவிட்டுச் சங்கிலியில் தொங்கும் சாதாரண ஊசிக்கு மாறிய பிறகு தொந்தரவில்லை. வரப்போரம் திரும்பும்போதெல்லாம் தூக்கி இறக்க வேண்டியிருப்பதால், உழவு நேரத்தில் இதனால் பயனில்லை. சாலைப் பயணத்துக்கு மட்டுமே நான் பூட்டுகிறேன். ஓர் இரவு பூட்டிய நிலையிலேயே தூக்கிவைத்த கலப்பை விடிவதற்குள் தரை தொட்டிருந்தது: உள்ளே சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்திருக்கிறது, லிவரோ இம்மியும் நகரவில்லை. அதிலிருந்து வண்டியை நிறுத்தினால் கலப்பையைத் தரையில் இறக்கிவிடுகிறேன். ரொட்டவேட்டருக்குக் கத்தி மாற்றும்போது பூட்டை நம்பாமல், இருபுறமும் கனத்த மரக்கட்டை கொடுத்த பிறகே அடியில் கை வைக்கிறேன். சில டிராக்டர்களில் சீட்டுக்கடியில் உள்ள இறக்க வேகத் திருகை முழுவதும் மூடினால் கலப்பை இறங்காது. அந்த வசதி இருந்தாலும் கட்டையை விடக் கூடாது.

வாடகைக்கு வந்த டிரைவர் ஒருவர் ஊசி இருப்பதைக் கவனிக்காமல் லிவரை அழுத்தி வளைக்கப் பார்த்தார். இப்போது ஊசிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறேன்.