பெட்டித் தேங்காய்ப்பாலில் சொதி: திடீர் விருந்துக்குத் தாங்குமா?

கூடங்குளம், மகேந்திரகிரி பக்கம் வேலை கிடைத்து வெளிமாநிலத்திலிருந்து குடிவந்தவர்களுக்கு நெல்லைச் சீமையில் பிடிபட நாளாகிற ஒரு சங்கதி, போன்கூடப் பண்ணாமல் வந்து நிற்கிற விருந்தாளி. "சாப்பிடுதீங்களா?" என்று கேட்டால் "இப்பத்தான் சாப்பிட்டு வாறோம்" என்றுதான் பதில் வரும். அது மரியாதைக்குச் சொல்வது, நம்பிவிடக் கூடாது. தண்ணீரைக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதுதான்.

அந்த அவசரத்துக்குத் தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதியை விட்டால் வேறு குழம்பு இல்லை. கல்யாணமான பிறகு மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற மறுவீட்டுச் சாப்பாட்டில் இதுதான் ராஜா. சாம்பார், ரசம் என்று வரிசை கட்ட வேண்டாம். தேங்காய் துருவி மூன்று பால் பிழிகிற வேலைதான் ஆளை உட்காரவைத்துவிடும். அதற்குத்தான் கடையில் கிடைக்கிற 200 மி.லி. பெட்டிப் பால்.

முதல் பாலுக்கு இது தாராளமாகப் போதும். இரண்டாம், மூன்றாம் பாலுக்கு ஆகாது. பலரும் செய்கிற தப்பு, ஒரு பெட்டியில் நிறையத் தண்ணீர் ஊற்றி மூன்று பாலையும் அதிலேயே ஒப்பேற்றுவது. பால் பிரியாமல் இருக்கப் பெட்டியில் கெட்டிப்படுத்தும் பொருள் சேர்க்கிறார்கள். நீர்த்துப்போனால் தேங்காய் மணம் ஓடிவிட்டு அந்த வழவழப்பு மட்டும் நாக்கில் நிற்கும். காய் வேகிற தண்ணீருக்குப் பருப்புத் தண்ணீரே சரி.

ஐந்து பேருக்குக் கணக்கு: பெட்டி இரண்டு, பாசிப்பருப்பு 75 கிராம், கேரட் ஒன்று, பீன்ஸ் பத்து, உருளைக்கிழங்கு ஒன்று, முருங்கைக்காய் ஒன்று, பச்சைப் பட்டாணி ஒரு கை, சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு பத்துப் பல். பச்சை மிளகாய் ஆறையும் ஒரு துண்டு இஞ்சியையும் அரைத்துக்கொள்ளுங்கள். பருப்பை மணம் வர வறுத்து, இரண்டரை டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். பருப்பு நறுக்கென்று நின்றால் பெட்டிப் பால் சொதி தண்ணியாகத்தான் இருக்கும். தேங்காய் எண்ணெயில் வெங்காயம், பூண்டு, காய்களை வதக்கி, அரைத்த விழுதும் உப்பும் போட்டு, பருப்பைத் தண்ணீரோடு ஊற்றி வேகவிடுங்கள். காய் வெந்ததும் தீயைச் சிம்மில் வைத்துப் பெட்டியைக் குலுக்கி ஊற்றுங்கள். ஓரத்தில் நுரை கட்டினதும் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் பெட்டிப் பாலும் திரியும்.

எலுமிச்சை கடைசி. இறக்கிப் பத்து நிமிடம் ஆறவிட்டு ஒரு பழத்தைப் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் புளிப்பும் சூடும் சேர்ந்து திப்பி திப்பியாகிவிடும். அதற்கப்புறம் மீட்க வழியே இல்லை. கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது. எல்லாம் முக்கால் மணிக்குள் ஆகிவிடும்.

தேங்காய்ப்பால் பவுடர் வேண்டாம். பலவற்றில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாவுச்சத்துப் பொடி கலந்திருக்கும், சொதி லேசாக இனிக்கும். பெட்டி வாங்கும்போதும் சர்க்கரை சேர்க்காததா என்று பார்த்து வாங்குங்கள். பிரிக்காத பெட்டி அலமாரியிலேயே மாதக்கணக்கில் இருக்கும். பிரித்ததை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

தொட்டுக்கொள்கிற வெஞ்சனத்துக்கு இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குப் பொரியலும். இஞ்சித் துவையலை மட்டும் விட்டுவிடாதீர்கள், தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும். இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் வரவேண்டும். முதல் "போதும்"-ஐக் காதில் வாங்காமல் இன்னொரு கரண்டி ஊற்றலாம், இரண்டாவது "போதும்" நிஜம்.

மீந்ததை மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள். சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கினால் ராத்திரி இடியாப்பத்துக்கு ஆகும்.